அம்மனுக்கும் ஒரு ஓட்டு

முன்பின் தெரியாதவர் சிரித்த முகத்தோடு வணக்கம் வைத்தால், வாசலில் விட்ட செருப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிற ஆள் நான். பிறவிக்குணம், என்ன செய்வது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் அந்தக் குணம் எங்கள் ஊருக்கே தொற்றிக்கொண்டது.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். எங்கள் ஊர் பென்னலூருக்குப் பக்கம், ஸ்ரீபெரும்புதூருக்குச் சைக்கிளை மிதித்தால் வியர்ப்பதற்குள் போய்ச் சேருகிற தூரம். வாரக்கணக்கில் போலீஸ் வந்து போனது. யார் வீட்டில் புதுசாக யார் தங்கியிருக்கிறார்கள், எந்தப் பட்டறையில் வெளியூர் ஆட்கள் வேலை செய்கிறார்கள், எல்லாம் விசாரணை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். தேர்தல் முடிந்து, ஜெயித்தவர்கள் மாலையோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகும் அந்தச் சந்தேகப் பார்வை எங்களை விட்டுப் போகவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான், ஆடி பிறந்த கையோடு, குன்றத்தூரிலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். நெற்றி நிறையக் குங்குமம், வாய் நிறைய "தாயே", "சகோதரி". மதத்தின் பேரைச் சொல்லி நடக்கிற ஒரு கட்சிக்கு எங்கள் பக்கத்து அமைப்பாளர். அந்தத் தேர்தலில் எங்கள் ஊரில் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களை ஒரே மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம். ஆள் பிடிக்க வந்திருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் மனுஷர் கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலில் திருவிளக்கு பூஜை, பெண்கள் ஆளுக்கொரு விளக்கோடு வந்தால் போதும், எண்ணெயும் திரியும் நாங்கள் தருகிறோம் என்றார். கட்சிக்காரன் கட்சியைப் பற்றிப் பேசவில்லை என்றால் அதைவிடச் சந்தேகப்பட வேறென்ன வேண்டும்?

நான் அப்போது ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாமி இல்லை என்று சொல்கிற கட்சியில் வளர்ந்தவன். ஊர் முனையில் எங்கள் கொடி ஏறும்போது கயிற்றைப் பிடிக்கிறவன் நான்தான். வீட்டில் அண்ணன், அண்ணி, நான். அண்ணன் வாயைத் திறந்தால் அது கொட்டாவிக்குத்தான். அண்ணி படப்பைப் பக்கத்துப் பெண், எட்டாவது வரை படித்தவர். விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுக் கழனி வேலைக்கும் போய் வருவார்.

அண்ணிக்கு ஓர் ஆசை இருந்தது, பிடிவாதம் என்றே சொல்லலாம். எங்கள் ஊருக்கு ஒரு பகுதிநேர ரேஷன் கடை வரவேண்டும். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பக்கத்து ஊர் வரை நடக்க வேண்டும். நடந்து போனால் ஸ்டாக் இல்லை என்பார்கள். நடவு நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெறும் கேனை ஆட்டிக்கொண்டு பெண்கள் திரும்பி வருவார்கள். பொறுத்துப் பார்த்த அண்ணி, எதிர்வீட்டு அக்காவையும் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கே போய்விட்டார். அங்கிருந்த கிளார்க் மனுவைக் கையால் தொடவில்லையாம். "நீ யாரும்மா? எந்தக் கட்சி? இன்னா பொறுப்புல கீற?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அடுப்பை ஊதிக்கொண்டே அண்ணி என்னிடம் சொன்னார். "நான் யாருன்னு கேக்குறான் தம்பி. இன்னான்னு சொல்றது? இன்னார் பொண்டாட்டின்னா?"

அந்த இன்னார் சுவரோரம் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். நான் எங்கள் கிளைச் செயலாளரிடம் விஷயத்தைக் கொண்டுபோனேன். பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதனால் அண்ணி விளக்கு பூஜைக்குப் போனதில் பக்தி பாதி, இந்தக் கோபம் பாதி. நான் கோயில் மதிலுக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்து, செயின் கழன்ற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு வேவு பார்த்தேன். பூஜை முடிகிற நேரத்தில் கட்சிப் பேச்சு வரும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேறொன்றைத்தான் பார்த்தேன். காலனிப் பெண்களும் விளக்கோடு வந்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஆடிக் கூழ் வார்க்கும்போதுகூட, காலனியிலிருந்து வருகிற கூழை வேறு அண்டாவில்தான் ஊற்றுவார்கள். அமைப்பாளர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. "வர்ற வரிசையில அப்படியே உட்காருங்க தாயே" என்றார், அவ்வளவுதான். அண்ணியின் விளக்குக்கு அடுத்த விளக்கு ஒரு காலனிக்காரப் பெண்ணுடையது. எங்கள் கட்சி எத்தனையோ மேடை போட்டுத் தொண்டை கிழியப் பேசியதை, இவர் ஒரு ஜமக்காளத்தை விரித்துச் செய்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பூஜை முடிந்தும் பெண்கள் கலையாமல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ரேஷன் கடை, வாரக்கணக்கில் வராத நர்ஸம்மா, பம்புசெட் பக்கம் நின்று கேலி பேசுகிற பையன்கள் என்று எல்லாம் அங்கே வந்தது. கோயிலில் உட்கார்ந்து பேசுவதை எந்தப் புருஷன் போய்த் தடுக்க முடியும்? அண்ணி எழுந்து நின்று பேசப் பழகியது அங்கேதான். முதல் வாரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே பேசினார். அடுத்தடுத்த வாரங்களில் கை சும்மா இருந்தது.

எதிர்வீட்டு அக்கா கிறிஸ்தவர். அண்ணிக்கு உயிர். தாலுகா ஆபீஸ் வரை கூடவே நடந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை அவரும் கோயில் வாசல் வரை போய், "பூஜைக்கு வரல சார், பேசறப்போ மட்டும் ஓரமா உக்காந்துக்கறேன்" என்று கேட்டிருக்கிறார். அமைப்பாளர் சிரித்த முகம் மாறாமல், "உங்களுக்குத்தான் உங்க கோயில் இருக்கே சகோதரி" என்றாராம். அக்கா திரும்பி வந்து, கேட்டவர்களிடமெல்லாம் வீட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா அண்ணி?" என்றேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

"பாத்தேன். எனக்கு ஒரு பொறுப்புன்னு வரட்டும், அக்காவ நானே உள்ள இட்டுனு வரேன்."

"மொதல்ல உங்கள உள்ள வெச்சுக்கறாங்களான்னு பாருங்க."

அண்ணி பால் கேனைக் கழுவப் போய்விட்டார்.

கணக்கு என்ன என்பது ஆவணியில் தெரிந்தது. விளக்கு பூஜைக்கு வந்த அத்தனை பெண்களுக்கும் அமைப்பாளர் கட்சி உறுப்பினர் அட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். காலனி, ஊர் என்ற வித்தியாசம் இல்லை. கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் அட்டை. எங்கள் ஊரில் இத்தனை பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று ஜில்லாவில் காட்ட வேண்டுமே. ஆண்கள் பக்கம் அவருக்குச் சேர்ந்ததோ ரைஸ் மில் முதலாளியும் அவரை அண்டிப் பிழைக்கிற கொஞ்சம் பேரும்தான். எண்ணிக்கையைக் கூட்டுகிற அவசரத்தில், உறுப்பினர் என்றால் ஓட்டும் உண்டு என்பதை மனுஷர் மறந்துவிட்டார்.

புரட்டாசியில் கிளை அமைக்கிற கூட்டம், கோயில் முன்னால். அமைப்பாளர் பேச்சை உத்திரமேரூரில் ஆரம்பித்தார். உத்திரமேரூர் எங்களுக்குத் தூரமில்லை. அங்கே கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருப்பது பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்தது.

"வெள்ளைக்காரனா நமக்குத் தேர்தல் சொல்லிக் கொடுத்தான்? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம சாமி சன்னதியில குடத்துல ஓலையைப் போட்டு நம்ம ஜனங்க ஆளுங்களை எடுத்திருக்காங்க. கோயில்ல பொறந்ததுதான் ஜனநாயகம். மத்த கட்சி மாதிரி மேலேர்ந்து யாரையும் கொண்டாந்து வைக்க மாட்டோம். உங்க தலைவரை நீங்களே தேர்ந்தெடுங்க."

நான் மதிலுக்கு வெளியிலிருந்து, "அந்தக் குடத்துல பொம்பளைங்க ஓலை இருந்துச்சா? காலனிக்காரங்க ஓலை இருந்துச்சா?" என்று கத்தினேன். "தம்பி நம்ம உறுப்பினரா?" என்று அவர் கேட்டார். கூட்டம் சிரித்தது.

தலைவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மில் முதலாளி சலவை வேட்டியில் வந்திருந்தார். அவருடைய ஆள் மடியில் மாலை தயாராக இருந்தது. அமைப்பாளர் முதலாளி பேரைச் சொல்லி, "ஏகமனதா..." என்று இழுத்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் காலனிக்காரப் பெண், விளக்கு வரிசையில் அண்ணிக்கு அடுத்து உட்கார்ந்தவர், எழுந்தார். "எங்க பக்கத்துலேர்ந்து ஒரு பேரு கீது சார்" என்றார். சொன்னது அண்ணியின் பேர்.

குடவோலை பேசி முடித்த வாய், தேர்தல் வேண்டாம் என்று எப்படிச் சொல்லும்? முன்மண்டபத்தில் அம்மனுக்குப் போடுகிற திரையை இழுத்துவிட்டு, அதற்குப் பின்னால் இரண்டு பித்தளைச் சொம்பு வைத்தார்கள். குங்குமம் வைத்த சொம்பு முதலாளிக்கு, மஞ்சள் வைத்தது அண்ணிக்கு. எழுதத் தெரியாதவர்கள் பாதிப் பேர் என்பதால் ஆளுக்கொரு புளியங்கொட்டை. ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். வேடிக்கை பார்க்க வந்திருந்த புருஷன்மார்கள் கண்ணாலேயே அதட்டி அனுப்பினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கண் எட்டாது. சொம்புகளை வாழை இலையில் கவிழ்த்தபோது எண்ண வேண்டிய வேலையே இருக்கவில்லை. மஞ்சள் சொம்பிலிருந்து கொட்டைகள் இலையைத் தாண்டித் தரையில் ஓடின. அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். அன்றைக்கு அது கொட்டாவி இல்லை.

முதலாளி கெட்டிக்காரர், குரலை உயர்த்தவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார். "ஜனங்க சொல்லிட்டாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா கோயில்ல வெச்சு எடுத்த முடிவாச்சே. ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

அமைப்பாளரின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. குடவோலையில்கூட ஓலையை எடுத்தது ஒரு குழந்தைதான், ஜனம் சொன்னதைத் தெய்வமும் சொல்லிவிட்டால் மறுபேச்சே கிடையாது என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பூ கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து நான் குதித்தேன். "ஓட்டுப் போட்டு ஜெயிச்சாச்சு, அப்புறம் இன்னா பூ? ஒத்துக்காதீங்க அண்ணி. ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூவ வெச்சுக் கட்டிடுவானுங்க."

"ஆத்தா வேணான்னா வேணாந்தான் தம்பி. உனக்கு அது புரியாது."

எனக்குப் புரியவில்லைதான். அத்தனை பேர் நம்பிப் போட்ட ஓட்டை, அரளிப் பூவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. அந்த வாரம் முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை.

எங்கள் கோயில் வழக்கம் இது. வெள்ளை அரளி சம்மதம், சிவப்பு அரளி மறுப்பு. வேறு வேறு பூவாக இருந்தால் வாசனையில் தெரிந்துவிடும் என்று இரண்டும் அரளியாகவே எடுப்பார்கள். வாழை இலைக் கிழிசலில் ஒரே அளவாகச் சுருட்டி, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, பேச்சு வராத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். கோயிலுக்குள் நான் கால் வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பூசாரி என்னைப் பார்த்து, "இன்னாபா, நீயா!" என்றார். "அண்ணிக்குத் துணைக்கு" என்று சொல்லிவிட்டு, அவருடைய கை தெரிகிற மாதிரி முன்னால் போய் நின்றேன். அவரோ திரையை இழுத்துவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

யார் இடுப்பிலிருந்தோ ஒரு பெண் குழந்தையை இறக்கிவிட்டார்கள். அது முதலில் மணியைப் பிடிக்கப் போனது. பிறகு வாழைப்பழத் தட்டுக்குத் திரும்பியது. கடைசியில் ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. பூசாரி அதைப் பிடுங்க, குழந்தை வீறிட, அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்றால், வேண்டிக்கொண்டேன். நீ இருக்கிறாயோ இல்லையோ எனக்குத் தெரியாது, இருந்தால் வெள்ளையாக வந்துவிடு ஆத்தா என்று வேண்டிக்கொண்டேன்.

வெள்ளை.

பெண்கள் போட்ட குலவையில் கோயில் புறாக்கள் எல்லாம் கலைந்து பறந்தன. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. பூசாரி தடுப்பதற்குள் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு அரளி. ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார். ஜெயித்த சந்தோஷத்தோடு, பிடிபட ஒன்றும் இல்லையே என்ற ஏமாற்றமும் எனக்கு இருந்தது. முதலாளி கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு போனார். "ஜில்லாவுக்கு எழுதிடுறேன் சகோதரி. ஒப்புதல் வரணும், வெறும் சம்பிரதாயம்தான்" என்று அமைப்பாளர் கிளம்பினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் அண்ணி நடக்கிற நடையே வேறு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, தாலுகா ஆபீசில் பேசப் போவதை மாட்டிடமே சொல்லிப் பார்ப்பார். எதிர்வீட்டு அக்காவிடம், "இந்த தபா எவன் யாருன்னு கேக்கறான்னு பாத்துடலாம், நீயும் கெளம்பு" என்று சொல்லி வைத்திருந்தார்.

ஒப்புதல் தீபாவளிக்கு முன்னால் வந்தது. எங்கள் வீட்டுக்கு இல்லை, மில்லுக்கு. மில் சுவரில் கட்சிப் பெயர்ப் பலகை மாட்டி, கிளைத் தலைவர் என்று முதலாளி பேரை எழுதியிருந்தார்கள். அண்ணிக்கு விளக்கு பூஜைப் பொறுப்பாம். பால் ஊற்றிவிட்டு வரும்போது பலகையைப் படித்த அண்ணி, கேனை அங்கேயே வைத்துவிட்டு, மில்லிலிருந்து வெளியே வந்த அமைப்பாளரை நடுரோட்டில் நிறுத்தினார். ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"ஜில்லாவுல முடிவு பண்ணிட்டாங்க சகோதரி. கட்சி வளரணும்னா பெரிய மனுஷங்க முன்னாடி நிக்கணும் இல்லையா?"

"அப்போ நாங்க போட்ட ஓட்டு?"

"அது ஜனங்களுக்கு ஒரு உற்சாகம் வரட்டும்னு வச்சது."

"பூ?"

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மொபெட் பெடலை மிதித்தார். அது கிளம்பவில்லை. திரும்பத் திரும்ப மிதித்தார். அண்ணி நகராமல் நின்றார். கடைசியில் அவர் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். குங்குமம் வியர்வையில் மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது.

"ஜனங்க சொன்னதத் தள்ளிட்டாங்க, அதுகூட போவட்டும் தம்பி" என்றார் அண்ணி. "ஆத்தா சொன்னதையும் தள்ளிட்டாங்களே. அப்போ இவுங்க யாரத்தான் கும்புடறாங்க?"

எனக்கு அண்ணிமேல் பரிதாபம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஆடியிலிருந்து நான் சந்தேகப்பட்டது சரியாகப் போய்விட்டதே என்கிற குஷி அதைவிடப் பெரிசாக இருந்தது. சாமியையும் கட்சியையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் இப்படித்தான் ஆகும் என்று அந்த ரோட்டிலேயே ஒரு கூட்டம் பேசினேன். கடைசியில், "எங்க கட்சிக்கு வந்துடுங்க அண்ணி. அங்க பூவும் இல்ல, பூசாரியும் இல்ல. எல்லாரும் சமம்" என்றேன்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அக்காவ இட்டுனு வரலாமா?"

"தாராளமா."

"காலனிக்காரங்க?"

"யார் வேணா வரலாம்."

"சரி, வரேன்" என்றார். பால் கேனைக் கையில் எடுத்துக்கொண்டார். "உங்க கட்சில கிளைச் செயலாளருக்கு ஓட்டு என்னிக்கு?"

எங்கள் கிளைச் செயலாளர் நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவர்தான். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. யாரும் அவர்களுக்கு ஒரு புளியங்கொட்டைகூடப் போட்டதில்லை. போட வேண்டும் என்று எனக்கும் அதுவரை தோன்றியதில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நான் அமைப்பாளரை எப்படிப் பார்ப்பேனோ, அப்படியே பார்த்தார்.